ஒட்டு இல்லாத ஒன்பதடிக் கல்

அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், இனிமேல் தரையில் உட்கார்ந்து எந்த வேலையும் செய்யக் கூடாது என்றார். அம்மா பணிவாகத் தலையாட்டிவிட்டு, "உக்கார்றது வலிக்கல டாக்டர், எந்திரிக்கிறதுதான் வலிக்குது" என்றார்.

"அதுக்குத்தாம்மா உக்காராதீங்கன்னு சொல்றேன்."

ஆட்டோவில் பேகம்பூர் திரும்பும் வரை அம்மா எக்ஸ்ரே உறையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் சமோசா ஷீட் போடும் வேலை முழுவதும் தரையில்தான் நடந்தது.

சமோசாவின் மேல்தோலைத்தான் கடைக்காரர்கள் ஷீட் என்பார்கள். டீக்கடைகளும் பேக்கரிகளும் அதைத் தாங்களே செய்வதில்லை, வெளியே வாங்குகின்றன. அம்மா, அம்மாவின் தங்கையான சாச்சி, பக்கத்து வீட்டு மாமி, இந்த மூன்று பேரும்தான் பல வருடங்களாக எங்கள் பகுதிக் கடைகளுக்கு அதைச் செய்து கொடுத்தார்கள். ஹாலில் நீளமாக ரெக்சின் விரித்து, வரிசையாக உட்காருவார்கள். முதல் இடம் அம்மாவுக்கு. மைதா உருண்டைகளைச் சின்னப் பூரிகளாகத் தேய்த்து, ஒவ்வொன்றின் மேலும் எண்ணெயும் மாவும் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். நடு இடம் மாமிக்கு. அந்த அடுக்கை அப்படியே பெரிய வட்டமாக, காகிதம்போல் மெல்லியதாகத் தேய்ப்பது அவர் வேலை. கடைசி இடம் சாச்சிக்கு. தேய்த்த அடுக்கை அடுப்பிலிருக்கும் தோசைக்கல்லில் போட்டு, சூடு பட்டதும் எடுத்து, ஒவ்வொரு ஷீட்டாகப் பிரிப்பார். பிறகு ஷீட்களைச் சமோசா மடிக்கும் நீளப் பட்டைகளாகக் கத்தியால் வெட்டுவது மீதி வேலை.

இதில் நான் வியந்து பார்த்த ஒன்று உண்டு. ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்கு அடுக்கு போகும்போது யாரும் அதைத் தூக்குவதில்லை. தூக்கினால் தன் எடையிலேயே இழுபட்டு, ஒரு பக்கம் மெலிந்து, பிரிக்கும்போது கிழியும். அதனால் உள்ளங்கையை மேலே வைத்து, மாவு தூவிய பரப்பில் தள்ளிவிடுவார்கள். அது வழுக்கிக்கொண்டு அடுத்தவர் முன்னால் போய் நிற்கும். ரெக்சினில் மடிப்பு விழுந்திருந்தால் அந்த இடத்தில் மாட்டிக் கிழியும். கிழிந்ததைச் சாச்சி உருண்டைக்குள் திரும்ப எறிந்துவிட்டு, "இது இன்னைக்குச் சாக மாட்டேங்குது" என்பார்.

தரையில் உட்கார முடியாது என்றால், நின்று செய்ய வேண்டும். நின்று செய்ய மேடை வேண்டும். எங்கள் சமையலறையில் இருந்தது அடுப்பு வைக்க மட்டும் போதுமான ஒரு சிமெண்டுத் திட்டு. நோன்பு மாதத்துக்கு இரண்டு மாதங்களே இருந்தன. நோன்பில்தான் வருடத்தின் பாதி வேலை. அந்த மாதம் கொடுக்க முடியாமல் போனால் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள், பிறகு திரும்பி வர மாட்டார்கள். "முடியலன்னா விட்டுற வேண்டியதுதான்" என்று அம்மா சாதாரணமாகச் சொன்னார். அன்று இரவு சாப்பாட்டில் உப்பு இல்லை.

நான் ஒரு நூற்பாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். மெக்கானிக்கல் படித்தவள். எதையும் முதலில் எழுதி வரிசைப்படுத்தினால்தான் எனக்கு மூச்சு சீராகும். மேடைக்கு என்ன வேண்டும் என்று எழுதினேன்: ஒரு கோடியில் சிங்க், மறு கோடியில் அடுப்பு, நடுவே மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடம். சுவரை அளந்தால் ஒன்பதடி வந்தது. பிறகு உயரம். எல்லா வீட்டுக்கும் ஒரே உயரத்தில் மேடை கட்டிவிட்டுப் போகிறார்கள். அம்மா குள்ளம். செங்கல் அடுக்கி மேலே பலகை வைத்து, அம்மாவை மாவு தேய்க்கச் சொன்னேன். ஒவ்வொரு செங்கலாகக் குறைத்தேன். தோள் தூக்காமல், இடுப்பு வளையாமல், முழங்கை லேசாக மடங்கிய ஒரு உயரத்தில் அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. வலியே தெரியல."

அந்த உயரத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டேன்.

கல் வாங்கப் பைபாஸ் ரோட்டுக் கடை ஒன்றுக்கு அத்தா, அம்மா, நான் மூவரும் போனோம். அத்தா, அதாவது என் அப்பா, தோல் மண்டியில் வேலை பார்ப்பவர். எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் விரலால் தடவி, பிறகு திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். கிரானைட் பலகைகளைத் திருப்ப முடியாததால் அவருக்குக் கொஞ்சம் குறை. இரும்புச் சட்டங்களில் சாய்த்து நிறுத்தியிருந்த கற்கள் வரிசை வரிசையாக வெயிலில் மின்னின. சாம்பலில் வெள்ளைப் புள்ளி, காபி நிறத்தில் கரும்புள்ளி, சிவப்பில் அலை அலையாகக் கோடு. ஒவ்வொன்றின் முன்னும் நின்றேன். கையை வைத்தால் வெயிலிலும் உள்ளே ஒரு குளிர்ச்சி இருந்தது. பூமிக்கடியில் எத்தனையோ காலம் கிடந்ததை அறுத்து, கண்ணாடியாக்கி, விலை எழுதி நிறுத்தியிருக்கிறார்கள். எனக்குச் சாம்பல் நிறம் பிடித்தது. கறை தெரியாது, மாவு தெரியாது.

அம்மா கைப்பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தார். உள்ளே பிசைந்த மாவு. பூரிக்கட்டையும் கொண்டுவந்திருந்தார்.

கடைக்காரர் ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். "ஏனுங்கம்மா, கல்லு வாங்க வந்தீங்களா, கடை போட வந்தீங்களா?" என்றார்.

"கல்லு நல்லாருந்தா இங்கயே போட்டுருவேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு குடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒரு டிரம்மின் மேல் அடுக்கிக் கொடுத்தார். அம்மா நின்றபடி ஒவ்வொன்றிலும் ஒரு உருண்டையைத் தேய்த்தார். சாம்பல் கல்லில் தேய்த்தபோது முகம் சுளித்தார். "இதுல மாவு எங்க இருக்கு, கல்லு எங்க இருக்குன்னு தெரியல." கடைசியில் புள்ளியே இல்லாத கறுப்புக் கல். தேய்க்கத் தேய்க்க வெள்ளை மாவு மெலிந்து, அடியிலிருந்து கல்லின் கறுப்பு நிழலாகத் தெரிந்தது. எங்கே இன்னும் வெள்ளையாக இருக்கிறதோ அங்கே தடிப்பு. அங்கே இன்னும் ஒரு தேய்ப்பு.

"இந்தா பாரு. இது சொல்லுது" என்றார் அம்மா.

என் வாக்கைச் சாம்பலிலிருந்து கறுப்புக்கு மாற்றிக்கொண்டேன். கடைக்காரர் தேய்த்த மாவைக் குனிந்து பார்த்துவிட்டு, "இருவது வருசமா கல்லு விக்கிறேனுங்க. மாவு கொண்டாந்து பாத்த மொத ஆள் நீங்கதான்" என்றார். குரலில் கேலி இல்லை. ஒன்பதடி நீளம் தாராளமாக வரும் ஒரு பலகையில் எங்கள் பெயருக்குச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும்தான் எனக்கு எங்கள் வாசல் நடை நினைவுக்கு வந்தது. எங்கள் வீடு சந்துக்குள் இருக்கிறது. வாசலில் நுழைந்தால் ஒடுக்கமான நடை. அது சட்டென்று இடது பக்கம் திரும்பித்தான் ஹாலுக்குள் போகும். திரும்பும் இடத்தில் தலைக்கு மேலே பரண். ஃபிரிட்ஜ் பெட்டியின் அட்டையைக் கல்லின் அளவுக்கு நீளமாக வெட்டி ஒட்டி, நானும் அத்தாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நுழைந்தோம். படுக்கை வாட்டில் திரும்பவில்லை. நிமிர்த்தினால் பரண் இடித்தது. சாய்த்தாலும் முடியவில்லை. அட்டை வளைந்தது. கல் வளையாது.

மறுநாள் கல் பதிக்கும் மேஸ்திரி வந்து பார்த்தார். எரியோடு ஊர்க்காரர், பேச்சில் அவசரம் இல்லாதவர். "ரெண்டா வெட்டிக் கொண்டாந்து ஜாயிண்ட் போட்டுரலாம்மா. ஊர்ல எல்லா வீட்லயும் ஜாயிண்ட்தான். நல்ல பசை போட்டுத் தேய்ச்சா கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரியுமா?" என்றார் அம்மா.

மேஸ்திரி யோசித்தார். "கைக்குத் தெரியுந்தான். நாள்பட நாள்பட ஒரு பக்கம் மயிரிழை எறங்கும்."

மயிரிழை போதும். காகிதம்போல் தேய்த்த மாவு அதில் மாட்டும். எங்கே வெட்டினாலும் ஒட்டு மூன்று பேருக்கு நடுவில் எங்கோதான் வரும். வேறு வழி உண்டா என்று மேஸ்திரி பின்பக்கம் போய்ப் பார்த்தார். எங்கள் சமையலறைக் கதவு புழக்கடைக்குத் திறக்கிறது. புழக்கடையை அடுத்து இடுப்பளவு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் மாமி வீட்டுப் புழக்கடை. மாமி வீடு வாசலிலிருந்து பின்கதவு வரை ஒரே நேர்கோடு. "இப்படிக் கொண்டாந்தா கல்யாண மாப்பிள்ளை மாதிரி நேரா வந்துரும்" என்றார் மேஸ்திரி.

அம்மா உடனே, "அது ஆகாது" என்றார்.

மாமி அப்போது இத்தாவில், அதாவது கணவரை இழந்தவர் நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் துக்கக் காலத்தில், இருந்தார். மாமா இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. இத்தா முடியும் வரை அவர் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. வெளி ஆண்கள் யாரும் அவர் முன்னால் போவதில்லை. பால்காரர்கூட வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார். அந்த ஹாலுக்குள் கல்லைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் நடப்பதா? இத்தா முடியும் வரை காத்திருந்தால் நோன்பு வந்து, போயே விடும்.

"அந்த அக்காகிட்டப் போயி நான் இதக் கேக்க மாட்டேன். நீங்களும் யாரும் கேக்கக் கூடாது" என்று அம்மா முடிவாகச் சொன்னார். "ஜாயிண்டே போடுங்க. இல்லன்னா விட்டுருவோம்."

அத்தாவும் அதையே சொன்னார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஆனால் எங்கள் புழக்கடையில் பேசுவது எதுவும் எங்கள் புழக்கடையோடு நிற்பதில்லை. அன்று சாயங்காலம் அம்மா துணி எடுக்கப் போனபோது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமியின் குரல் கேட்டது. நான் கதவருகே நின்றிருந்தேன்.

"கல்லு வராதாமே?"

"அதெல்லாம் வந்துரும்க்கா. ரெண்டா வெட்டிப் போடப் போறாங்க."

"யாரு தேய்க்கிறது, அந்த வெட்டுன கல்லுல?"

அம்மா கொடியிலிருந்து இன்னொரு துணியை உருவினார்.

"நான்தான தேய்க்கணும்? என்னைக் கேட்டியா?"

"அக்கா, நீ இருக்குற நெலமையில..."

"என் நெலமை எனக்குத் தெரியும்டி. இத்தா முடிஞ்சா நான் எங்க வந்து நிக்கிறது? அவர் போயிட்டார். இனிமே நான் சம்பாரிச்சுத்தான் திங்கணும். என் எடத்துல நீ ஜாயிண்ட் போட்டு வச்சிருந்தா, நான் கிழிஞ்சத எண்ணிக்கிட்டு இருக்கவா?" குரல் உயரவில்லை. சந்தையில் கத்திரிக்காய் விலை பேசுவதுபோல் நிதானமாகப் பேசினார். "நான் உள் ரூம்ல கதவச் சாத்திக்கிறேன். எந்தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். அவன் வாசல்ல உக்காந்துக்கிருவான். கல்லு வார அன்னைக்குச் செத்த முன்னாடி ஒரு சத்தம் குடு."

"ஊர்ல நாலு பேரு..."

"அந்த நாலு பேருக்கும் நோன்பு தொறக்கச் சமோசா வேணும்ல. அப்ப சொல்லு, கல்லு எந்த வழியா வந்துச்சுன்னு."

அம்மா துணியை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கணவரை இழந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர், முடங்கிக் கிடப்பார் என்று நாங்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்த நாட்களில், தான் எழுந்து நிற்கப் போகும் இடத்தை அளந்து வைத்திருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மாமி மேல் பெரிய மரியாதை வருகிறது.

கல் வரும் நாளில் நான் லீவு போட்டேன். என் பொறுப்பில் இரண்டு விஷயங்களை எடுத்துக்கொண்டேன். ஒன்று, சிங்க்குக்கான ஓட்டையைக் கல் மேடையில் உட்கார்ந்த பிறகே வெட்ட வேண்டும். முன்பே வெட்டினால் தூக்கும்போது அந்த இடத்தில்தான் முறியும். மேஸ்திரி, "நானும் அதான் நெனச்சேன்" என்றார். இரண்டாவது, மாமியின் அறைக் கதவருகே நிற்பது. மாமி அப்படித்தான் சொல்லியிருந்தார்: "எனக்கு வீடு தெரியும், அவங்களுக்குத் தெரியாது. நான் உங்கிட்டச் சொல்றேன், நீ அவங்ககிட்டச் சொல்லு."

மாமியின் ஹால் அன்று வேறு மாதிரி இருந்தது. கட்டிலை ஓரம் தள்ளி, வாசலிலிருந்து பின்கதவு வரை தரையில் சாக்குகளை விரித்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் தனியாகவே செய்திருந்தார். அவருடைய தம்பி வாசலில் நாற்காலி போட்டு, சந்தில் வருபவர்களுக்கெல்லாம் தானாகவே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டியிலிருந்து கல்லை இறக்கினார்கள். மேஸ்திரியோடு நான்கு பேர். கல்லைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி, கயிற்றுப் பட்டையில் தாங்கி, கதவுக்குள் நுழைத்தார்கள். கறுப்புப் பளபளப்பில் மாமி வீட்டு ஜன்னல், கடிகாரம், ஃபேன் எல்லாம் ஒவ்வொன்றாக ஊர்ந்துபோயின.

"ஏலே, ஒரே மூச்சா வராதீங்கடா. நான் சொல்றப்ப நில்லுங்க" என்றார் மேஸ்திரி.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து மாமி மெதுவாகக் கேட்டார். "இப்ப அலமாரிகிட்ட வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க மாமி."

"அதத் தாண்டுனா ஒரு டைல்ஸ் ஆடும். கால் வச்சா ஒரு பக்கம் தூக்கும். சாக்க மடிச்சுப் போடச் சொல்லு."

நான் உரக்கச் சொன்னேன். அத்தா ஓடிப்போய்ச் சாக்கை நான்காக மடித்துப் போட்டார். கல் அதைத் தாண்டியது.

"பின்னங்கதவுல நெலைப்படி ஒசரம். முன்னாடி போறவரு காலத் தூக்கணும். எங்க வீட்டு மனுசர் எத்தனை தடவை தடுக்கியிருக்காரு தெரியுமா" என்றார். படியைப் பற்றி நான் முன்னால் போகிறவரிடம் உரக்கச் சொன்னேன். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் மாமி."

"சரி. சொவத்துகிட்ட எறக்கி வச்சுத் தண்ணி குடிக்கச் சொல்லு. கொடத்துல எலுமிச்சம்பழம் புழிஞ்சு வச்சிருக்கேன்."

புழக்கடையில் இறக்கி வைத்து, எல்லோரும் எலுமிச்சைத் தண்ணீர் குடித்தார்கள். ஒருவர் மேஸ்திரியிடம், "யாருண்ணே உள்ள இருந்து சொல்றது? நம்ம கால் வைக்கிறது வரைக்கும் தெரியுது" என்று கிசுகிசுத்தார்.

"வேலையப் பாருடா. வீட்டுக்காரவங்க."

இடுப்புச் சுவர்மேல் ஈரச்சாக்கைப் போட்டு, கல்லை அதன்மேல் ஏற்றி, இந்தப் பக்கம் அத்தாவும் இரண்டு பேரும் ஏந்திக்கொண்டார்கள். சமையலறைக் கதவுக்குள் கல் நேராகப் போனது. மாப்பிள்ளை ஊர்வலம்தான். பழைய திட்டை இடித்துவிட்டு முன்பே நட்டிருந்த கடப்பாக் கல் தாங்கிகளின் மேல் கலவை போட்டு, பென்சில் கோட்டுக்குச் சரியாக இறக்கினார்கள். மேஸ்திரி ரசமட்டத்தை வைத்தார். நானும் குனிந்து பார்த்தேன். குமிழி நடுவில் வந்து நின்றது. சிங்க் பக்கம் தண்ணீர் ஓட ஒரு துளி சரிவு வேண்டும் என்று அவர் சொல்ல, மாவு நிற்கும் இடத்தில் சரிவே கூடாது என்று நான் சொல்ல, இருவரும் சமாதானமாக, சிங்க்கைச் சுற்றி மட்டும் காடி வெட்டினோம். முன் விளிம்பை வயிற்றில் குத்தாமல் உருட்டித் தேய்த்துக் கொடுத்தார். ஓட்டை வெட்டும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தும் சமையலறை முழுக்கச் சாம்பல் சேறு. சாச்சி வந்து எட்டிப் பார்த்து, "இதக் கழுவவே ஒரு நோன்பு போயிரும்" என்றார். ஆனால் துடைப்பத்தை எடுத்ததும் அவர்தான்.

கலவை இறுகி, கல் காய்ந்த பிறகு முதல் முறையாக மாவு பிசைந்தார்கள். அம்மா முதல் இடத்தில் நின்றார். சாச்சி அடுப்புப் பக்கம். நடு இடம் காலி. நான் அங்கே போய் நின்றேன்.

"நீ தள்ளி நில்லு. ஒனக்கு வராது" என்றார் அம்மா.

அம்மாவே அடுக்கி, அம்மாவே ஒரு அடி நகர்ந்து நடு இடத்தில் நின்று தேய்த்தார். மாவு மெலிந்து கறுப்பு நிழல் தெரிந்தது. உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். அடுக்கு சத்தமில்லாமல் வழுக்கிப் போய்ச் சாச்சியின் முன்னால் நின்றது. எங்கும் மாட்டவில்லை. சாச்சி அதை அடுப்பிலிருந்த தோசைக்கல்லில் போட்டார். எனக்கு ஏனோ கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அம்மா அதற்குள் அடுத்த அடுக்கில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நின்றபடியே.

முதலில் பிரித்த ஷீட்களைத் தட்டில் மூடி, அம்மா புழக்கடைக்குக் கொண்டுபோனார். சுவருக்கு அந்தப் பக்கம் மாமி வந்தார். ஒரு ஷீட்டை எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"நடுவுல தடிப்பா இருக்கே. யாரு தேய்ச்சது?"

"நான்தான்."

"அதான பாத்தேன். கல்லக் கொற சொல்ல முடியாது" என்றார் மாமி. ஷீட்டைத் தட்டில் திரும்ப வைத்தார். "நான் வார வரைக்கும் இப்படித்தான் ஓட்டணும். கடைக்காரங்ககிட்டச் சொல்லி வையி, கொஞ்ச நாளைக்குத் தடிப்பாத்தான் இருக்கும்னு."

"சொல்றேன்க்கா."

"பட்டையா வெட்டுறத நான் இங்கேருந்தே பாத்துக்கிறேன். தட்ட இங்கயே குடு. கத்தி வீட்ல இருக்கு."

அம்மா தட்டைச் சுவருக்கு மேலாக நீட்டினார்.